வாசகர் கேள்வி–பதில்: மடிப்பு கலையாத வரை

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புரதங்களைப் பற்றியவை. சில பாடப்புத்தகத்தில் எழுந்த சந்தேகங்கள், சில ஆய்வக மேசையில் எழுந்த சிக்கல்கள். கலந்தே தருகிறோம்.

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மறுபடி திரவமாவதில்லை. ஆனால், குலைந்த புரதம் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரிதான். குலைந்த இழையைச் சுற்றி எவ்வளவு நெரிசல் என்பதைப் பொறுத்தே முடிவு மாறுகிறது.

புத்தகம் சொல்வது கிறிஸ்டியன் அன்ஃபின்சனின் ரிபோநியூக்ளியேஸ் சோதனையை. அது ஆர்.என்.ஏ.வை வெட்டும், 124 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய நொதி. அதில் உள்ள 8 சிஸ்டீன்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 4 டைசல்ஃபைடு (கந்தக–கந்தக) பாலங்களாக நிற்கின்றன. 8 மோலார் யூரியாவும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்தால், முன்னதால் மடிப்பு குலையும், பின்னதால் பாலங்கள் அறும், நொதி செயலற்றுப்போகும். இரண்டையும் டயாலிசிஸ் செய்து (சவ்வின் வழியே வெளியேறவிட்டு) நீக்கி, காற்றுப்பட வைத்தால் செயல்திறன் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடுகிறது.

அந்தச் சோதனையின் மறுபாதியைத்தான் பலர் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள். யூரியாவை இருக்கவிட்டு மெர்காப்டோஎத்தனாலை மட்டும் முதலில் நீக்கினால், இழை தளர்ந்து கிடக்கும்போதே பாலங்கள் விழுந்துவிடும். 8 சிஸ்டீன்களை ஜோடி சேர்க்க 7 × 5 × 3 × 1 = 105 வழிகள் உண்டு; சரியானது ஒன்றே ஒன்று. கிடைத்த செயல்திறனும் சுமார் 1 சதவீதம்தான். பிறகு யூரியாவை நீக்கிவிட்டு மெர்காப்டோஎத்தனாலை மிகச் சிறிதளவு சேர்த்தால், தவறான பாலங்கள் அவிழ்ந்து மாறிமாறி, சில மணி நேரத்தில் சரியான ஜோடிகளில் வந்து நிற்கின்றன. மடிப்பை உண்டாக்குவது பாலங்கள் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறது. நீரை விரும்பாத பக்கக் கிளைகள் உட்புறம் ஒதுங்குவதும், ஹைட்ரஜன் பிணைப்புகள் பொருந்துவதும்தான் இழையை மடிக்கின்றன. மடிந்த பிறகு பூட்டுவதுதான் பாலத்தின் வேலை. அன்ஃபின்சனுக்கு 1972-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளைக்கருவுக்கு வருவோம். அதன் எடையில் சுமார் 10 சதவீதம் புரதம். அந்தப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவல்புமின். 60 டிகிரி செல்சியஸை ஒட்டி ஓவோடிரான்ஸ்ஃபெரின் குலையத் தொடங்கும், 80 டிகிரியைத் தாண்டும்போது ஓவல்புமினும் போய்விடும். உள்ளே மறைந்திருந்த நீர்வெறுப்புப் பகுதிகள் வெளியே தெரியும் அந்தக் கணத்தில், அதே நிலையில் இருக்கும் இன்னொரு இழை பக்கத்திலேயே நிற்கிறது. தன் மடிப்பைத் தேடிப் போவதற்குள் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஓவல்புமினில் ஜோடி சேராத சிஸ்டீன்கள் நான்கு இருப்பதால், இழைக்கு இழை டைசல்ஃபைடு பாலமும் விழுகிறது. நீரைப் பிடித்து வைத்திருக்கும் வலையாக முழுவதும் இறுகிவிடுகிறது.

பாக்டீரியாவில் உருவாக்கிய புரதம் கரையாத திரளாகக் கிடைத்து, அதை மீட்க முயல்பவர்களுக்கும் இதே விதிதான். 6 மோலார் குவானிடினிலோ 8 மோலார் யூரியாவிலோ கரைத்த புரதத்தை ஒரேயடியாகப் பஃபரில் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசலில்) கொட்டினால் வெள்ளையாகத் திரிந்துவிடும். குளிர்ந்த பஃபரைக் கலக்கிக்கொண்டே, மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டாதபடி சொட்டுச் சொட்டாக விடுங்கள். 0.4 முதல் 0.5 மோலார் ஆர்ஜினின் ஒட்டலைக் குறைக்கும். டைசல்ஃபைடு உள்ள புரதமானால் ஒடுக்கிய, ஆக்சிஜனேறிய குளூட்டதயோன் இரண்டையும் 5:1 அல்லது 10:1 விகிதத்தில் சேர்க்க வேண்டும். தவறான பாலம் அவிழ வழி இருந்தால்தான் சரியான பாலம் விழும்.

ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் அரிவாள் செல் நோய் வருகிறது. மனிதருக்கும் குதிரைக்கும் சைட்டோகுரோம் சி-யில் 12 இடங்கள் மாறியிருந்தும் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஏன்?

எத்தனை மாறியது என்று எண்ணுவதை விட, எந்த இடத்தில் எது எதுவாக மாறியது என்று பார்க்க வேண்டும். செல் சுவாசத்தில் எலெக்ட்ரானைக் கடத்தும் புரதமான சைட்டோகுரோம் சி-யில் மாறியவை பெரும்பாலும் மேற்பரப்பில், ஒத்த குணமுள்ள ஒன்றுக்கு ஒன்றாக மாறியவை. ஹீமை (இரும்பு உள்ள குழுவை) பிடித்து நிற்கும் 14, 17-ஆம் இடச் சிஸ்டீன்கள், 18-ஆம் இட ஹிஸ்டிடின், 80-ஆம் இட மெத்தியோனின் ஆகியவை அப்படியே இருக்கின்றன.

ஹீமோகுளோபினின் பீட்டா இழையில் 146 அமினோ அமிலங்கள். 6-ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறுவதே நோய்க்குக் காரணம் என்று வெர்னான் இங்கிராம் 1956–57-ல் காட்டினார். அந்த இடமும் மேற்பரப்புதான். ஆனால் மின்சுமை கொண்டு நீரோடு இணங்கி நின்ற ஒன்று போய், நீரோடு சேராத வாலின் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஆக்சிஜனை இழந்த நிலையில், பக்கத்து மூலக்கூறின் பீட்டா இழையில் 85-ஆம் இட ஃபினைல்அலனினும் 88-ஆம் இட லியூசினும் சேர்ந்து ஒரு குழியைத் திறந்துவைக்கின்றன. வாலின் அதில் போய்ப் பதிகிறது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போய் நீண்ட நாராகி, சிவப்பணுவை உள்ளிருந்து வளைத்துவிடுகிறது. ஆக்சிஜன் ஏறிய வடிவத்தில் அந்தக் குழி சரியாக அமையாது. எனவே நுரையீரலில் நார்கள் கரைகின்றன. இங்கே கெட்டுப்போனது தனி மூலக்கூறின் மடிப்பு அல்ல என்பதைக் கவனியுங்கள். அது கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. அண்டை மூலக்கூறோடு பழகும் விதம்தான் மாறியது.

ராமச்சந்திரன் வரைபடத்தில் என் புரத மாதிரியின் 3 அமினோ அமிலங்கள் அனுமதியில்லாப் பகுதியில் விழுகின்றன. மாதிரி தவறா?

உடனே தவறு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் மூன்றையும் ஒவ்வொன்றாக நேரில் பார்க்காமல் விடவும் கூடாது.

வரைபடம் எதைச் சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பெப்டைடு பிணைப்பில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 1.33 ஆங்ஸ்ட்ராம். சாதாரண ஒற்றைப் பிணைப்பானால் 1.47 இருக்கும். பாதி இரட்டைப் பிணைப்பு என்பதால் அது திரும்பாது, தட்டையாக நிற்கும். ஆகவே முதுகெலும்பு இழையில் திரும்பக்கூடியவை, ஆல்ஃபா கார்பனின் இரு பக்கமும் உள்ள இரண்டே பிணைப்புகள். அவற்றின் கோணங்கள்தான் ஃபை, சை. இந்த இரண்டையும் சுழற்றிக்கொண்டே போனால் பெரும்பாலான கோணங்களில் அணுக்கள் ஒன்றையொன்று இடித்துவிடும். இடிக்காத பகுதிகள் எவை என்று கணக்கிட்டு 1963-ல் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன். ஒரு சில புரத அமைப்புகளே தெரிந்திருந்த காலத்தில், அணுக்களின் ஆரங்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு அது. இன்று லட்சக்கணக்கான அமைப்புகளுக்கும் அது பொருந்துகிறது. நினைக்க நினைக்க வியப்பூட்டும் செய்தி இது.

ஆல்ஃபா சுருள் ஃபை -60, சை -45 டிகிரியை ஒட்டி விழும். பீட்டா தாள் ஃபை -120, சை +130-ஐ ஒட்டி விழும். இப்போது உங்கள் மூன்றையும் எடுங்கள். முதலில், அது கிளைசினா? கிளைசினுக்குப் பக்கக் கிளை வெறும் ஹைட்ரஜன், இடிக்க ஒன்றுமில்லை. அதற்குத் தனி வரைபடம் உண்டு, பொதுப் படத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. புரோலினுக்கும் தனிப் படம்தான். அதன் வளையம் ஃபையை -65 அருகே கட்டிப்போட்டிருக்கும். கிளைசினோ புரோலினோ இல்லையென்றால், மாதிரியைக் கட்ட உதவிய எக்ஸ்-கதிர்ச் சோதனையின் எலெக்ட்ரான் அடர்த்தியைப் பாருங்கள். அடர்த்தி மங்கலான வெளிவளையத்தில் இருந்தால் அந்த இடத்தைக் கட்டியதே ஊகம்தான். அடர்த்தி தெளிவாக இருந்தும் கோணம் கெட்டிருந்தால், பெரும்பாலும் ஒரு பெப்டைடு தளம் 180 டிகிரி புரட்டி வைக்கப்பட்டிருக்கும்: கார்பனைல் ஆக்சிஜன் இருக்க வேண்டிய பக்கத்தில் அணு இல்லாமல் அடர்த்தி மட்டும் நிற்கும். அதைப் புரட்டி மறுபடி செம்மைப்படுத்தினால் அந்தக் கோணமும் அதை அடுத்த கோணமும் ஒன்றாகச் சரியாகிவிடும். புரோலினுக்கு முந்தைய பிணைப்பு, இரு ஆல்ஃபா கார்பன்களும் ஒரே பக்கம் நிற்கும் சிஸ் வடிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புரோலின்களில் சுமார் 5 சதவீதம் அப்படி வரும்; மற்றவற்றில் மிக அரிது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்று அங்கேயே நின்றால், அடர்த்தியும் கூர்மையாக இருந்தால், விட்டுவிடுங்கள். சிறுபான்மை அமினோ அமிலங்கள் உண்மையிலேயே அப்படி முறுகி நிற்பதுண்டு. நொதியின் செயல்மையத்தில் இப்படிப்பட்டவை அடிக்கடி அகப்படும். நல்ல மாதிரியில் 98 சதவீதம் விரும்பத்தகு பகுதிக்குள் இருக்க வேண்டும், வெளியே விழுவது 0.2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 300 அமினோ அமிலப் புரதத்தில் 3 என்பது 1 சதவீதம். அது அதிகம்தான்.

ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவை. ஒன்று செரிக்கிறது, மற்றொன்று ஏன் செரிப்பதில்லை?

இணைப்பின் திசை வேறு. ஸ்டார்ச்சில் ஆல்ஃபா 1–4 இணைப்பு. இழை சுருளாக வளைகிறது, நீரும் நொதியும் உள்ளே நுழைய இடம் இருக்கிறது. செல்லுலோஸில் பீட்டா 1–4 இணைப்பு. ஒன்றுவிட்டு ஒரு குளுக்கோஸ் தலைகீழாகத் திரும்பி, இழை நேராக நீள்கிறது. நேரான இழைகள் பக்கம்பக்கமாக அடுக்கி ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகிவிடுகின்றன. நம் அமைலேஸின் பிளவுக்குள் பீட்டா இணைப்பு பொருந்தாது. அதை வெட்டும் நொதி நுண்ணுயிர்களிடம் இருக்கிறது.

28 கிலோடால்டன் என்று கணக்கிட்ட புரதம், எஸ்.டி.எஸ். ஜெல்லில் 35-ல் நிற்கிறது. வேறு புரதத்தைப் பிடித்துவிட்டேனா?

அப்படியிருக்கலாம், ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. வெக்டரிலிருந்து (மரபணுவைச் சுமந்து செல்லும் டி.என்.ஏ.விலிருந்து) வரும் கூடுதல் பகுதியைக் கணக்கில் சேர்த்தீர்களா? ஆறு ஹிஸ்டிடின்களும் இடையில் உள்ள இணைப்பும் வெட்டுமிடமும் சேர்ந்து 2 கிலோடால்டன் வரை கூட்டும். மரபணுவின் அளவை மட்டும் பார்த்துவிட்டு இதை மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

அடுத்தது, உங்கள் புரதத்தில் ஆஸ்பார்ட்டிக், குளூட்டாமிக் அமிலங்கள் எத்தனை? ஜெல் எடையை நேரடியாக அளப்பதில்லை. எஸ்.டி.எஸ். என்பது புரதத்தை அவிழ்த்து எதிர்மின்சுமை ஏற்றும் டிடர்ஜென்ட். 1 கிராம் புரதத்தோடு சுமார் 1.4 கிராம் எஸ்.டி.எஸ். சேரும், எல்லாப் புரதத்துக்கும் இந்த விகிதம் ஒன்றே, ஆகவே எல்லாம் நீளத்துக்கேற்ப ஓடும் என்ற அனுமானத்தில்தான் அது நிற்கிறது. எதிர்மின்சுமை மிகுந்த புரதம் எதிர்மின்சுமை கொண்ட எஸ்.டி.எஸ்.-ஐ விரட்டும். குறைவாகப் பற்றியதால் மெதுவாக ஓடி, கனமான புரதம்போல் மேலே நிற்கும். அப்படிப்பட்ட புரதம் 28-க்கு 35 காட்டுவதில் ஆச்சரியமில்லை. யீஸ்ட்டிலோ விலங்குச் செல்லிலோ உருவாக்கியிருந்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம், பி.என்.ஜி.ஏஸ். எஃப் நொதி போட்டு ஓட்டிப் பாருங்கள், நைட்ரஜன் வழி இணைந்த சர்க்கரையானால் பட்டை கீழே இறங்கும். இரட்டையாகச் சேர்ந்ததோ என்ற ஐயம் வேண்டாம். அது 56-ல் நிற்கும். முடிவான விடை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில்தான் கிடைக்கும்.

இதே வாசகர் பட்டை தடித்து வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். லேம்லி முறையில் மேல் ஜெல் பி.எச். 6.8, கீழ் ஜெல் 8.8. 6.8-ல், ஓட்டும் பஃபரிலிருந்து வரும் கிளைசினுக்கு நிகர மின்சுமை ஏறக்குறைய இல்லை, அதனால் பின்தங்குகிறது; குளோரைடு முன்னே ஓடுகிறது; புரதம் இரண்டுக்கும் நடுவில் சிக்கி மெல்லிய கோடாக நெருங்குகிறது. 8.8-க்குள் நுழைந்ததும் கிளைசின் மின்சுமை பெற்றுப் புரதத்தைத் தாண்டிவிடும். பிரிவது அப்போதுதான் தொடங்கும். இரண்டு ஜெல்லுக்குமான டிரிஸ் பஃபர் பாட்டில்கள் இடம் மாறினாலோ பி.எச். தவறினாலோ இந்த நெருக்கம் நடக்காது. சாம்பிளில் பொட்டாசியம் இருந்தால் எஸ்.டி.எஸ். வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். சோடியம் உப்புக்கு மாற்றுங்கள். சாம்பிள் கோழைபோல் இழுத்தால் அது டி.என்.ஏ.; சோனிகேட் செய்யுங்கள், இல்லையென்றால் மெல்லிய ஊசி வழியே சில தடவை இழுத்து விடுங்கள்.

சாம்பிள் பஃபர் சேர்த்ததும் 95 டிகிரியில் 5 நிமிடம் சூடாக்குங்கள், தாமதிக்காதீர்கள். எஸ்.டி.எஸ். உங்கள் புரதத்தைக் குலைத்துவிடும், ஆனால் சில புரோட்டியேஸ்கள் அதிலும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கும். அந்த இடைவெளியில் அவிழ்ந்து கிடக்கும் புரதத்தை அவை வெட்டிப்போட்டுவிடும். சவ்வுப் புரதங்களுக்கு இது பொருந்தாது: கொதிக்கவைத்தால் அவை திரண்டு, ஜெல்லில் சாம்பிள் விடும் குழியிலேயே தங்கிவிடும். அவற்றை 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும்.

புரத அளவைக் கண்டறிய 280 நானோமீட்டரில் பார்த்தால் போதுமா?

தூய புரதமானால் போதும். ஒளியை உறிஞ்சுபவை டிரிப்டோஃபன், டைரோசின், ஓரளவு டைசல்ஃபைடு. மோலார் உறிஞ்சுகுணகமாக முறையே 5500, 1490, 125 என்று எடுத்துக் கூட்டுங்கள். கோழிமுட்டை லைசோசைமில் 6 டிரிப்டோஃபன், 3 டைரோசின், 4 டைசல்ஃபைடு: 33000 + 4470 + 500 = 37970. மூலக்கூறு எடை சுமார் 14300. ஆகவே 1 செ.மீ. கியூவெட்டில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கரைசல் சுமார் 2.65 காட்டும். மாட்டு ஆல்புமின் அதே அடர்வில் 0.67-தான் காட்டும். இரண்டையும் "உறிஞ்சல் 1 என்றால் 1 மில்லிகிராம்" என்று பொதுவாக எடுத்தால் எவ்வளவு பிசகும் என்று பாருங்கள்.

பிளாங்க்காகத் தண்ணீர் வைக்காதீர்கள், புரதம் இருக்கும் அதே பஃபரை வையுங்கள். இமிடசோலும் ஆக்சிஜனேறிய டி.டி.டி.யும் இந்தப் பகுதியில் உறிஞ்சும். 340-லும் ஒரு முறை படியுங்கள். அங்கே புரதம் உறிஞ்சாது. எண் ஏதும் தெரிந்தால் கலங்கல் என்று பொருள், சுழற்றித் தெளிய வைத்துவிட்டுப் பாருங்கள். 260-க்கும் 280-க்கும் உள்ள விகிதம் தூய புரதத்தில் 0.6 அருகே இருக்கும். 1-ஐத் தாண்டினால் நியூக்ளிக் அமிலம் கலந்திருக்கிறது, 280-ல் வந்த எண்ணை நம்ப முடியாது. டிரிப்டோஃபனே இல்லாத புரதத்துக்கு இந்த முறை பலவீனமானது. பிராட்ஃபோர்டு முறைக்குப் போனால் சாம்பிளில் டிடர்ஜென்ட் இருக்கக் கூடாது.

ஆர்.என்.ஏ. ஏன் இவ்வளவு சீக்கிரம் சிதைகிறது?

ரிபோஸின் 2-ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் இருக்கிறது, டி.என்.ஏ.வில் அது இல்லை. காரச் சூழலில் அந்த ஹைட்ராக்சில் பக்கத்துப் பாஸ்பேட்டைத் தாக்கித் தன் இழையைத் தானே வெட்டிக்கொள்கிறது. ரிபோநியூக்ளியேஸ் நொதியும் அதே ஹைட்ராக்சிலைத்தான் தூண்டிவிடுகிறது. முதல் பதிலில் சொன்ன, குலைத்தாலும் மறுபடி மடியும் அந்த நொதியேதான். இவ்வகை நொதி நம் தோலிலும் இருப்பதாலும், கொதிக்கவைத்தாலும் ஆறியதும் உயிர்பெற்றுவிடுவதாலும், ஆர்.என்.ஏ. வேலையில் கையுறையை அடிக்கடி மாற்றச் சொல்கிறார்கள்.

ஆல்ஃபாஃபோல்டு தரும் அமைப்பை எவ்வளவு நம்பலாம்?

ஆல்ஃபாஃபோல்டு, அமினோ அமில வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் கணினி நிரல். படத்தின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் நிறையவே நம்பலாம். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் 0 முதல் 100 வரை நம்பகத்தன்மை மதிப்பெண் இருக்கும்; நிறம் காட்டுவது அதைத்தான். 90-க்கு மேல் என்றால் பக்கக் கிளை வரை நம்பலாம். 70-க்கு மேல் முதுகெலும்பு இழை சரி. 50-க்குக் கீழ் வரும் ரிப்பன்போன்ற பகுதியை வடிவமாகவே எடுக்காதீர்கள், அது பெரும்பாலும் நிலையான மடிப்பில்லாத பகுதி. இரண்டு கூறுகளும் தனித்தனியே 90 வாங்கியிருந்தாலும், ஒன்றுக்கொன்று எப்படிச் சாய்ந்து நிற்கின்றன என்பது சரியாக இருக்க வேண்டியதில்லை. அதற்குப் பிழை வரைபடத்தைத் தனியே பாருங்கள். 2024-ன் வேதியியல் நோபல் பரிசில் பாதி இதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் கிடைத்தது; மறுபாதி புரதங்களைப் புதிதாக வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கருக்கு.

ஆனால் ஒற்றை மாற்றத்தின் விளைவை இதில் தேடாதீர்கள். ஒரு அமினோ அமிலத்தை மாற்றிக் கொடுத்தாலும் ஏறக்குறைய அதே படம்தான் வரும். அரிவாள் செல் நோயைப் போல், கோளாறு மடிப்பில் இல்லாமல் ஒட்டலில் இருந்தால், தனி மூலக்கூறின் படம் அதைக் காட்டிக்கொடுக்காது.

சுத்தப்படுத்திய நொதியை சோடியம் பாஸ்பேட் பஃபரில் (பி.எச். 7) உறைய வைத்தேன். எடுத்துப் பார்த்தால் பாதிச் செயல்திறன் போய்விட்டது.

நீங்கள் குறிப்பிட்ட பஃபர் சோடியம் பாஸ்பேட், பி.எச். 7. உறையும்போது அதில் டைசோடியம் பாஸ்பேட் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடும். மிஞ்சிய திரவத்தில் பி.எச். 4-ஐ ஒட்டிக்கூட இறங்கலாம். நீர் பனிக்கட்டியாக ஒதுங்க ஒதுங்க, உப்பும் புரதமும் எஞ்சிய சிறு இடத்தில் நெருக்கப்படுகின்றன. புரத மடிப்பின் நிகர நிலைப்பு மோலுக்குச் சுமார் 5 முதல் 15 கிலோகலோரி மட்டுமே, அதாவது ஒரு சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் அளவு. இவ்வளவு மாற்றத்தை அது தாங்காது.

பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கோ ஹெப்பஸுக்கோ மாறுங்கள். டிரிஸ் எடுத்தால், குளிர்ந்தால் அதன் பி.எச். டிகிரிக்குச் சுமார் 0.03 ஏறும் என்பதை மனத்தில் வையுங்கள்: 25 டிகிரியில் 7.4 வைத்தது 4 டிகிரியில் 8 ஆகிவிடும். எந்த வெப்பநிலையில் பயன்படுத்துவீர்களோ அங்கேயே அளந்து வையுங்கள். அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் 50 சதவீத கிளிசராலில் -20 டிகிரியில் வையுங்கள், அது உறையாமலே இருக்கும். நீண்ட நாள் வைக்க 10 சதவீத கிளிசரால் சேர்த்து, ஒரு முறைக்குத் தேவையான 20 முதல் 50 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறைய வைத்து -80-ல் வையுங்கள். புரத அடர்வு மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். மிக நீர்த்த கரைசலில் குழாயின் சுவரிலேயே கணிசமாக ஒட்டிப்போகும். எடுக்கும்போது பனிக்கட்டி மேல் வைத்து உருக்குங்கள், மிஞ்சியதை மறுபடி உறைய வைக்காதீர்கள்.